தொண்ணூற்றெட்டு அக்கா

அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. மாதாமாதம் சம்பளச் சீட்டில் அச்சாகி வரும். மற்றபடி அந்த ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரைக்கும் அத்தனை பேருக்கும் அவள் தொண்ணூற்றெட்டு அக்காதான்.

பெயர் வந்த கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டருக்கு உதவியாள் அவள். நோயாளியின் தலைமாட்டில் ஒரு முக்காலி, மடியில் ஓர் அட்டை, அட்டையில் செருகிய தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மானிட்டரைப் பார்த்து நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் என்று மூன்றையும் எழுத வேண்டும். மாஸ்க் போட்டு ஆக்சிஜன் விட்டிருக்கும் ஆளுக்கு அந்த மூன்றாவது எண் பெரும்பாலும் தொண்ணூற்றெட்டாகவே நிற்கும். இருபத்தாறு வருஷமாக அவள் அதைத்தான் எழுதிவந்தாள். அச்சடித்தது போன்ற கையெழுத்து வேறு. ஒரு நாள் எலும்பு டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அக்கா பக்கத்துல ஒரு கருங்கல்லைப் படுக்க வச்சாலும் தொண்ணூத்தெட்டுன்னுதான் எழுதுவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவர் நாக்கில் அன்றைக்குச் சனி இருந்திருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

எதையும் முன்கூட்டியே முடித்துவைக்காவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அது பிறவிக் குணம். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் நாளைய தேதியை இன்று சாயங்காலமே வெளியே கொண்டுவந்துவிடுவாள். ஐந்தாம் மாதத்திலேயே பிரசவத்துக்குப் பை கட்டி வைத்தவள். மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கும் முன்பே கல்யாணப் பத்திரிகைக்குத் தாள் தேர்ந்தெடுத்தவள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் புருஷன், "இந்த வீட்டுல இன்னைக்கு என்ன தேதின்னு தெரிஞ்சுக்கணும்னா பக்கத்து வீட்டுக்குத்தான் போகணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டுப் படுத்தால் படுத்த மாத்திரத்தில் குறட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற அம்மாள் ஒரு தடவை முறையிட்டபோது இவள் அசரவே இல்லை. "சத்தம் வர்ற வரைக்கும் ஆளு நல்லா இருக்காருன்னு அர்த்தம். நின்னாத்தான் பயப்படணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். குறட்டையை நல்ல சகுனமாகவே வைத்து முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு நாள் முன்பு ஏணியிலிருந்து விழுந்தவர். வலது தோள் எலும்பு முறிந்திருந்தது, பின்மண்டையில் புடைப்பு இன்னும் முழுசாக வற்றவில்லை. வாட்டசாட்டமான ஆள். கழுத்து என்று ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். கூட வந்தது அவர் தங்கை மட்டும்.

"சுவத்துல ஓட்டை போடுற சத்தம் தினம் கேக்குறேன். என் எலும்புல போடுறதை வேற கேக்கணுமா? தூங்க வச்சிருங்க தங்கச்சி" என்றார் பெயிண்டர் அக்காவிடம்.

"கவலையே படாதீங்கண்ணே. கண்ணை மூடுவீங்க, தொறக்குறப்போ எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றாள் அக்கா.

மயக்க டாக்டர் புதுசு. வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். கழுத்தோரம் ஸ்கேன் கருவியை வைத்து நரம்பைத் தேடிப்பிடித்து ஊசி போட்டாள். கால் மணி நேரத்தில் வலது கை முழுக்க மரத்துப்போனது. பெயிண்டர் அதை இடது கையால் தூக்கிப் பார்த்து, "யாரோட கையையோ என்கிட்ட மாட்டிவிட்டுட்டாங்க" என்றார். பிறகு கொஞ்சம் தூக்க மருந்து. முழு மயக்கம் இல்லை. கூப்பிட்டால் 'ம்' என்கிற அளவுக்கு அரைத்தூக்கம்.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. வலது தோளில் ஆபரேஷன் என்றால் எல்லாக் கருவியையும் இடது கையில்தான் மாட்ட முடியும். ரத்த அழுத்தப் பட்டையும் அங்கேதான், ஆக்சிஜன் பார்க்கிற விரல் கிளிப்பும் அங்கேதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பட்டை தானாக உப்பிக் கையை இறுக்கும். இறுக்கினால் விரலுக்கு ரத்தம் போகாது, கிளிப்புக்கு ஒன்றும் தெரியாது. எண் சரிந்து, மறைந்து, இரண்டு கோடாகும். மானிட்டர் ஊரைக் கூட்டும். பட்டை தளர்ந்ததும் எண் திரும்பி வந்துவிடும். இந்தப் பொய்க் கூச்சலுக்குப் பழகிப் பழகி, அந்தத் தியேட்டரில் தோள் ஆபரேஷன் என்றாலே சத்தத்தை அமுக்கிவிடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருவது மாதிரி அதுவும் ஒரு வழக்கம்.

இதில் அக்காவுக்கு ஒரு தனி இம்சை. சரியாக எண்ணை எழுத வேண்டிய நிமிடத்தில்தான் பட்டையும் உப்பும். திரையில் இரண்டு கோடுதான் இருக்கும். அதனால் ஒரு நிமிடம் முன்னால் பார்த்து எழுத ஆரம்பித்தாள். அது எந்தக் காலத்திலோ. பிறகு இரண்டு நிமிடம் முன்னால். பிறகு அடுத்த கட்டத்தையும் சேர்த்தே நிரப்பிவிடுவது. எப்படியும் தொண்ணூற்றெட்டுதானே, அதற்கு ஏன் காத்துக் கிடக்க வேண்டும்?

பதினோரு மணிக்கு எலும்பு டாக்டர் கத்தியை வைத்தார். சற்று நேரத்தில் பெயிண்டர் குறட்டை விட ஆரம்பித்தார். நல்ல கனத்த குறட்டை. மார்பும் வயிறும் மாறி மாறி ஏறி இறங்கின. அக்காவுக்கு வீட்டு ஞாபகம் வந்தது. அடுத்து நடந்ததை அவள் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் துண்டு துண்டாகத்தான் வருகிறது. பெயிண்டர் நெளிந்தார், தலையை ஆட்டினார், இடது கையால் மேசையைத் தட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்து அமுக்கினாள். "ஆடாம இருங்கண்ணே, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று காதோரம் சொன்னாள். ஊசியில் மருந்து எடுத்துக்கொண்டிருந்த புது டாக்டரிடம், "ஆளு முழிச்சுக்குறாரு டாக்டர், இன்னும் கொஞ்சம் குடுங்க" என்றாள். டாக்டர் கொஞ்சம் கொடுத்தாள். ஆட்டம் நின்றது, குறட்டையும் நின்றது. அப்பாடா என்றிருந்தது அக்காவுக்கு.

"ரத்தம் ஏன் இப்படிக் கறுத்து வருது?" என்று எலும்பு டாக்டர் குனிந்தபடியே கேட்டார். மணி பதினொன்று இருபத்தொன்று.

புது டாக்டர் திரும்பிப் பார்த்தாள். திரையில் அறுபத்தொன்று. பட்டை அப்போது உப்பியிருக்கவில்லை. துணியை விலக்கினால் உதடு நாவல் பழ நிறம். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது, கை ஓடியது. இருபத்தாறு வருஷப் பழக்கம் சும்மா போகாது. தாடையை இரண்டு கையாலும் தூக்கி மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடித்தாள். டாக்டர் காற்றுப்பையை அமுக்கினாள். முதல் நாலைந்து அமுக்கலுக்கு மார்பு எழும்பவே இல்லை. பிறகு எழும்பியது. எண் மெல்ல மெல்ல ஏறியது. முழுசாகப் பதினொரு நிமிடம் அக்கா அந்தத் தாடையை விடவில்லை.

உயிர் தங்கியது. ஆனால் மீண்டும் தானாக மூச்சு விட ஆரம்பித்தவருக்கு, எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் எண் தொண்ணூற்றைத் தாண்ட மாட்டேன் என்றது. தோள் வேலையைப் பாதியில் முடித்துத் தைத்து, கண்காணிப்பு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற அவசரத்தில் மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கினார்கள். அதன் பேட்டரி செத்து எட்டு மாதமாகிறது. கருவிக்குள் பதிவாகியிருந்ததெல்லாம் போய்விட்டது. மிச்சம் இருந்தது அக்காவின் தாள் மட்டும்தான்.

பெரிய டாக்டர் வந்து அந்தத் தாளைக் கையில் எடுத்தார். நெற்றியைத் தேய்த்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி தேய்த்தார்.

"எதோடயும் எதுவும் ஒட்ட மாட்டேங்குதே" என்றார்.

"கழுத்துல போட்ட ஊசியா இருக்கலாம் டாக்டர்" என்றாள் புது டாக்டர். "அந்த மருந்து மூச்சுத் தசைக்குப் போற நரம்புலயும் பரவியிருந்தா ஒரு பக்க நுரையீரல் விரியாது. ஆளும் பருமன். மேல தூக்க மருந்து வேற."

"அப்படின்னா படிப்படியா இல்ல இறங்கணும்? இங்க பாரும்மா. பதினொண்ணு அஞ்சு, தொண்ணூத்தெட்டு. பத்து, தொண்ணூத்தெட்டு. பதினஞ்சு, இருபது, எல்லாம் தொண்ணூத்தெட்டு. இருபத்தொண்ணுல அறுபத்தொண்ணு. மாடியிலிருந்து விழுந்த மாதிரி விழுந்திருக்கு. நுரையீரல்ல ரத்தக்கட்டி போய் அடைச்சாத்தான் இப்படி நடக்கும். பன்னெண்டு நாள் அடிபட்டுப் படுத்துக் கிடந்தவரு." தாளைத் தட்டிக் காட்டினார். "அக்கா எழுதினது. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

ரத்தக்கட்டிதானா என்று பார்க்கிற பெரிய ஸ்கேன் ஊரின் மறுகோடியில் இருந்தது. இந்த நிலையில் வண்டியில் ஏற்றினால் வழியிலேயே ஏதாவது ஆகும். கட்டியைக் கரைக்கிற மருந்தைப் போட்டுவிடலாம் என்றார் பெரிய டாக்டர். ஆனால் அது கட்டியை மட்டும் பார்த்துக் கரைக்காது. புதுசாய்த் தைத்த தோளில் ரத்தம் கொட்டலாம். பின்மண்டை அடிக்குள்ளும் கசியலாம், கசிந்தால் அதோடு முடிந்தது. இரண்டு மணிக்குள் முடிவெடுக்க வேண்டும், சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும்.

அக்கா சுவரோரம் நின்றாள். அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. திடீரென்றுதான் விழுந்ததா? பெரிய டாக்டர் சொல்கிறார். தாள் சொல்கிறது. அவளுக்கும் தொண்ணூற்றெட்டைப் பார்த்த ஞாபகம் தெளிவாக இருக்கிறது, கண்ணை மூடினால் எதிரே நிற்கிறது. ஆனால் எங்கே பார்த்தாள்? திரையில் பச்சையாகவா, தாளில் நீல மையாகவா? அந்த எண்ணுக்கு நிறம் வர மாட்டேன் என்றது. ஒரு தடவை எண் சரிந்ததும் நினைவிருக்கிறது. பட்டை இறுக்குகிறது என்று நினைத்தாள். உண்மையிலேயே இறுக்கியதா? சத்தத்தை அமுக்கியது தானா, டாக்டரா? ஒரு நிமிடம் தான்தான் என்று தோன்றியது, அடுத்த நிமிடம் இல்லை என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் செய்த அத்தனை தோளும் ஒன்றோடொன்று கலந்து, எது இன்றையது எது போன மாசத்தது என்றே பிரிக்க முடியவில்லை.

வெளியே வந்தாள். பெயிண்டரின் தங்கை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஊரார் தாளையெல்லாம் பிரதி எடுப்பவள், தன் கையில் கொடுத்த ஒற்றைத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தாள். பக்கத்தில் வாங்கி வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"மூணு தடவை படிச்சுட்டேன் அக்கா" என்றாள். "மருந்து போட்டா தலையில ரத்தம் கசியலாம்னு போட்டிருக்கு. போடலேன்னா மூச்சு நிக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. எனக்குன்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தான். நீங்க கூடவே இருந்தீங்க, எல்லாத்தையும் பாத்தீங்க. நீங்க சொல்லுங்க, கையெழுத்துப் போடலாமா?"

அக்கா அந்தத் தாளைப் பார்த்தாள், அவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் முகமே சரியில்ல. இந்தாங்க, இதைக் குடிங்க" என்று அந்தப் பெண் டீ கிளாஸை நீட்டினாள்.

வாங்கப் போனவளுக்குக் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கட்டைவிரலும் விண்விண்ணென்று தெறித்தன. டீ புடவையில் சிந்தியது. பதினொரு நிமிடம் தாடையைப் பிடித்ததன் வலி. அவள் தன் கைகளைப் பார்த்தாள். வலது கை, இடது கை, இரண்டும் பதினொன்று இருபத்தொன்றிலிருந்து பதினொன்று முப்பத்திரண்டு வரைக்கும் அந்த மனுஷன் முகத்தில்தான் இருந்தன.

அப்படியானால் பதினொன்று இருபத்தைந்துக்கு எழுதியது யார்?

தாளில் அந்தக் கட்டமும் நிரம்பித்தான் இருக்கிறது. தொண்ணூற்றெட்டு என்று, அச்சடித்தது போல, அவள் கையெழுத்தில். காற்றடித்த பிறகு ஏறியதைக் குறித்திருக்கிறாள் என்று பெரிய டாக்டர் நினைத்துக்கொண்டார். இருபத்தைந்தை இருபத்தொன்றுக்கு முன்பே எழுதியிருக்கிறாள் என்றால் இருபதை? பதினைந்தை?

பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. மருந்து ஒருவேளை ஒன்றும் செய்யாமலும் போகலாம். இந்தக் கணக்கெல்லாம் அவள் மனசில் ஓடத்தான் செய்தது, ஓடவில்லை என்று சொன்னால் பொய். எதிரே அந்தப் பெண் பேனா மூடியைக் கழற்றிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேனாவை மூடி வைம்மா" என்றாள் அக்கா. "நான் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாத."

உள்ளே போனாள். பெரிய டாக்டர் மருந்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அந்தத் தாளை நம்பாதீங்க."

"என்ன அக்கா?"

"பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு என் ரெண்டு கையும் அவர் தாடையில இருந்தது. அந்தக் கட்டத்தை நான் அதுக்கு முன்னாடியே எழுதியிருக்கேன். எப்பவும் அப்படித்தான் எழுதுவேன்."

புது டாக்டர் அவளையே பார்த்தாள்.

"அப்ப இருபதுக்கு எவ்வளவு இருந்தது?" என்றார் பெரிய டாக்டர்.

"தெரியாது டாக்டர்."

"பதினஞ்சுக்கு?"

யோசித்தாள். நெளிந்தது அப்போதா? "தெரியாது."

"பத்துக்கு? அதையாவது பாத்தீங்களா?"

"பாத்தேனான்னே தெரியல டாக்டர். குறட்டை விட்டாரு. தூங்குறாருன்னு நினைச்சேன்."

புது டாக்டர் அதற்கு மேல் நிற்கவில்லை. கழுத்தில் நரம்பு தேடிய அதே ஸ்கேன் கருவியை இழுத்துக்கொண்டு வந்து பெயிண்டரின் விலாவில் வைத்தாள். இடது பக்கம் ஒவ்வொரு மூச்சுக்கும் மூச்சுத் தசையின் வளைவு ஏறி இறங்கியது. வலது பக்கம் வைத்தாள். அங்கே ஒன்றும் அசையவில்லை. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

"மெதுவாத்தான் இறங்கியிருக்கு" என்றார் தனக்குத்தானே. "நாமதான் பாக்கல." பிறகு மருந்து வேண்டாம் என்றார். ஆளை நிமிர்த்தி உட்கார வையுங்கள், மாஸ்க்கை இறுக்கிக் காற்றை அழுத்திக் கொடுங்கள், ஊசியின் வேகம் தணிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான் என்றார். போகும்போது அக்காவின் பக்கம் திரும்பாமலே, "நடந்ததை எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்குக் குடுத்தாப் போதும்" என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவள் வெளியே போய்ப் பெயிண்டரின் தங்கையிடமும் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாளா என்றால், சொல்லத்தான் ஆரம்பித்தாள். மருந்து தேவையில்லை என்கிற இடத்திலேயே அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். மீதியைக் கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கட்டைவிரல் வலித்தது. பிடுங்கிக்கொள்ளவும் முடியவில்லை.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் அவள் போகவில்லை. கண்காணிப்பு அறையில் பெயிண்டரின் கட்டில் ஓரம் போய் உட்கார்ந்தாள். எழுதிக் கொடுக்க வேண்டிய தாளை மடியில் வைத்திருந்தாள். இன்றைக்கே முடித்துவிடலாம் என்று வாங்கியதுதான். 'நான்' என்று எழுதி, அதற்கு மேல் ஓடவில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்று மூன்று. மறுபடி தொண்ணூற்றிரண்டு. நர்ஸ் எட்டிப் பார்த்து, "எவ்வளவு இருக்கு தொண்ணூத்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் போய்விட்டாள்.

ஆறரை மணிக்குப் பெயிண்டர் கண்ணைத் திறந்தார். விரலை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். வலது சுண்டுவிரல் லேசாக மடங்கியது. மாஸ்க்கை ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னார். குரல் கம்மிப்போயிருந்தது.

"என் கை திரும்பி வருது தங்கச்சி" என்றார். "ஒரு கெட்ட கனவு கண்டேன். பெரிய பெயிண்ட் டிரம்முக்குள்ள தலைகீழா மாட்டிக்கிட்டேன். மூச்சே விட முடியல. ஆளுங்க பக்கத்துலதான் நிக்குறாங்க, பேச்சுச் சத்தம் கேக்குது. டிரம்மை டமடமன்னு தட்டுறேன், ஒருத்தரும் திரும்பல. யாரோ வந்து என் கையைப் பிடிச்சு அமுக்கி, ஆடாம இருங்கண்ணே, இன்னும் கொஞ்ச நேரந்தான்னு சொல்றாங்க."

அக்கா திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"உங்க குரல் மாதிரியே இருந்துச்சு" என்று பெயிண்டர் சிரிக்கப் பார்த்தார்.

"என் குரல்தான்ணே" என்றாள் அக்கா.